யார் யாருக்கு என்ன முறை

சென்னையிலிருந்து பெங்களூர் போகிறவர்களுக்குக் காவேரிப்பாக்கம் என்றால் ஏரிதான். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் காலத்தது என்று சொல்லப்படும் அந்த ஏரி, தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. வரலாறு படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். 1752 பிப்ரவரியில் ராபர்ட் கிளைவின் படை, பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு வந்த ராஸா சாகிபின் படையை இரவுச் சண்டையில் முறியடித்தது இந்த ஊரில்தான்.

பாடப்புத்தகம் அதை ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் சண்டையாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். அடியில் இருந்தது வாரிசுத் தகராறு. ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி 1740ல் மராத்தியரோடு நடந்த போரில் தாமல்செருவுக் கணவாயில் இறந்தார். அவருடைய மகளைக் கட்டியவர் சந்தா சாகிப். ஆனால் நிஜாம் கொண்டுவந்து உட்காரவைத்ததோ வேறு குடும்பத்து அன்வருத்தீனை. 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நடந்த போரில் அன்வருத்தீன் கொல்லப்பட, அவர் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். காவேரிப்பாக்கத்தில் கிளைவை எதிர்த்து நின்ற ராஸா சாகிப், சந்தா சாகிபின் மகன். மருமகன் வழிக்கு உரிமை உண்டா, நியமனம் பெற்றவரின் மகன் வழிக்கு உண்டா என்பதுதான் வழக்கு. இன்று தோல் தொழிலுக்குப் பெயர்போன இந்த வட்டாரத்தில் நடந்த அந்த இரண்டு போர்களும், பக்கத்தில் ஒரு கொடிவழிப் படத்தை வைத்துக்கொண்டு படித்தால்தான் விளங்கும்.

அந்தப் படத்தை எப்படி எழுதி வைப்பது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் எப்படிப் பிழையில்லாமல் எடுத்துக்கொள்வது என்பது இன்று மென்பொருள் செய்கிறவர்களின் கவலை. குடும்ப வரலாற்றுக்கென்று நூற்றுக்கணக்கில் செயலிகள் வந்துவிட்டன. ஒன்றில் சேர்த்த தாத்தா பாட்டியை இன்னொன்றுக்கு மாற்ற ஒரு பொதுவடிவம் தேவை. கணினி வந்த பிறகு பிறந்த தேவை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் உறவுமுறையை உலகம் முழுக்க ஒரே படிவத்தில் நிரப்பவைக்கும் முயற்சி 1859லேயே தொடங்கிவிட்டது. அதில் தமிழுக்கான படிவம் வேலூரில் நிரப்பப்பட்டது.

படிவத்தை உருவாக்கியவர் லூயிஸ் ஹென்றி மார்கன், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகர வழக்கறிஞர். பக்கத்தில் வாழ்ந்த இரோக்வா மக்களில் ஒரு பிரிவினரான செனகாக்களோடு அவருக்கு நல்ல பழக்கம். அவர்கள் அப்பாவின் சகோதரனையும் அப்பா என்கிறார்கள், அம்மாவின் சகோதரியையும் அம்மா என்கிறார்கள் என்று கண்டதும் அவர் திகைத்துப்போனார். ஆங்கிலத்தில் எல்லோரும் அங்கிள், எல்லோரும் ஆன்ட்டி. இது செனகாக்களின் தனி வழக்கம் என்றுதான் முதலில் நினைத்தார். 1858ல் ஒஜிப்வா மக்களிடமும் அதையே கண்டபோது வேறு யோசனை பிறந்தது. இருநூறுக்கு மேல் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை அச்சடித்தார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் துணையோடு அது மிஷனரிகளுக்கும் அமெரிக்கத் தூதரகங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்தப் படிவத்தின் நேர்த்தி இன்றும் வியக்கவைக்கிறது. ‘அங்கிளுக்கு உங்கள் மொழியில் என்ன சொல்?’ என்று அதில் கேள்வி கிடையாது. ‘என் தந்தையின் சகோதரன்’, ‘என் தாயின் சகோதரன்’, ‘என் தந்தையுடைய சகோதரியின் மகன்’ என்று படிப்படியாக உறவை விவரித்து, பக்கத்தில் காலி இடம் விட்டிருந்தார். மூத்தவருக்கும் இளையவருக்கும் தனித்தனிக் கேள்வி. சொல்கிறவர் ஆணா பெண்ணா என்பதற்கும் தனித்தனிக் கேள்வி. தன் மொழியின் பெயர்களைப் பிறர்மேல் ஏற்றாமல், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார், ஆண், பெண், மூப்பு என்ற அடிப்படைத் தகவல்களை மட்டும் வைத்துக் கேட்ட படிவம் அது. பிற்காலத்தில் மென்பொருள் எழுதியவர்களில் பலருக்கு இந்தத் தெளிவு வாய்க்கவில்லை.

1859ல் ஆற்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஹென்றி ஸ்கடர் அமெரிக்காவில் இருந்தார். ஸ்கடர் என்ற பெயர் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்தில் அறிமுகம் தேவைப்படாத பெயர். ராணிப்பேட்டையில் 1866ல் தொடங்கிய மருத்துவமனை அந்தக் குடும்பத்தின் பெயரால் வழங்குகிறது. வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடரும் அதே குடும்பம். 1853ல் தொடங்கிய ஆற்காடு மிஷனில் ஸ்கடர் சகோதரர்கள் பலர் பணிசெய்தார்கள். ஊர் ஊராகப் போய்த் தமிழில் பேசியவர்கள் அவர்கள். தமிழர் வீட்டு முறைகளை ஹென்றி ஸ்கடர் சொல்லக் கேட்ட மார்கனுக்குக் கை கால் ஓடவில்லை. செனகாவில் கண்டது அப்படியே தமிழில் இருந்தது.

நமக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது? பெரியப்பாவும் சித்தப்பாவும் அப்பாக்கள். பெரியம்மாவும் சித்தியும் அம்மாக்கள். அம்மாவோடு பிறந்தவர் மாமா, அப்பாவோடு பிறந்தவள் அத்தை. பெரியப்பா மகன் அண்ணன், மாமா மகன் மச்சான். குழந்தை நடக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே கற்றுக்கொள்ளும் பாடம். மார்கனுக்கோ அது மனித இனத்தின் வரலாற்றையே திறக்கும் சாவியாகப்பட்டது. பின்னர் தமிழுக்கான முழுப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தவர் வேலூரில் இருந்த எசக்கியேல் ஸ்கடர். 1871ல் ஸ்மித்சோனியன் வெளியிட்ட தன் பெரிய நூலில், மார்கன் செனகாவையும் தமிழையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்று வாதிட்டார். வாதம் நிற்கவில்லை, ஒரே மாதிரி முறை வைத்திருப்பதால் ஒரே குடி ஆகிவிட முடியாது. ஆனால் உறவுமுறை ஆய்வு என்ற துறையே அந்த நூலிலிருந்து பிறந்தது.

ஒரு வேறுபாட்டையும் மார்கனின் அட்டவணை காட்டிக் கொடுத்தது. ஓர் ஆணுக்கு மச்சானின் பிள்ளைகள் என்ன முறை? செனகாவில் மகன், மகள். தமிழிலோ மருமகன், மருமகள். மாமன் மகளின் பிள்ளைகளோ தமிழில் மகன், மகள். செனகாவில் அது தலைகீழ். காரணம் எந்த ஆம்பூர்ப் பாட்டியும் சொல்வாள். மாமன் மகள் கட்டிக்கொள்ளும் முறை. அவள் பிள்ளை தன் பிள்ளை. மச்சான் தன் தங்கையைக் கட்டும் முறை. அவன் பிள்ளை தங்கை பிள்ளை. தமிழ் முறை திருமணத்தை முன்வைத்துக் கணக்கிடுகிறது, செனகா முறை அப்படிக் கணக்கிடவில்லை. தாமஸ் டிரவுட்மன் போன்ற ஆய்வாளர்கள் நூறாண்டுக்குப் பிறகு விரித்து எழுதிய இந்த விஷயத்துக்கான தரவு, வேலூர்ப் படிவத்தில் அன்றே இருந்தது.

அடுத்த தலைமுறையில் டபிள்யூ. ஹெச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆய்வாளர் நீலகிரிக்கு வந்து, 1901, 1902ல் தோடர்களிடம் குடும்பம் குடும்பமாகக் கொடிவழி கேட்டு எழுதினார். ஆண் பெயரைப் பெரிய எழுத்திலும் பெண் பெயரைச் சாதாரண எழுத்திலும் போடுவது அவர் வைத்த விதி. எழுதும் முறை ஒன்றாக இருந்தால் யார் எடுத்துப் படித்தாலும் விளங்கும் என்பதுதான் நோக்கம். அவர் காலத்தில் அது ஆய்வாளர்களுக்குள் மட்டும் நின்றது.

அதே காலத்தில், ஆய்வோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், வடஆற்காட்டு ஏழைக் குடும்பங்களின் விவரங்கள் வேறொரு படிவத்தில் குவிந்துகொண்டிருந்தன. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். ஆள் அதிகம் போன மாவட்டங்களில் வடஆற்காடும் ஒன்று. 1903 முதல் ஃபிஜிக்கும் சென்னையிலிருந்து கப்பல்கள் போயின. அங்கும் வடஆற்காட்டுக்காரர்கள் நிறைய.

ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஒரு வரி. முதலில் எண். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். நேட்டாலில் இறங்கியபின் அந்த எண்தான் அவர். கூலி, திருமணம், புகார், சாவு எல்லாம் அந்த எண்ணின் கீழ்ப் பதியப்பட்டன. குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினான். முனுசாமியை ஒருவன் ‘முனிசாமி’ என்றும், இன்னொருவன் ‘மூன்சாமி’ என்றும் எழுத்துக்கூட்டினான். எண் மட்டும் மாறவில்லை. இதைக் கொடுமையாகவும் பார்க்கலாம், மனிதனை எண்ணாக்கிய படிவம் அது. ஆனால் பேரப்பிள்ளைகளுக்குப் பிடி கிடைத்ததும் அந்த எண்ணால்தான்.

சர்நேம் தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. தகப்பன் பெயரைத் தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிக்கொண்டு போகும் வழக்கம் நேட்டால் அதிகாரிகளுக்குப் புரியவில்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். ஆகவே ஒரு தலைமுறையின் தகப்பன் பெயரோ, சாதிப் பட்டமோ அப்படியே உறைந்துபோனது. தென்னாப்பிரிக்காவில் இன்று மூன்சாமி ஒரு குடும்பப் பெயர். கவுண்டர் ‘கோவெந்தர்’ ஆகிவிட்டார். 1980களில் சுரேந்திர பானா, ஜாய் பிரெயின் போன்ற வரலாற்றாய்வாளர்கள் இந்தக் கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கினார்கள். 1991ல் வெளியான பானாவின் நூல், 1902 வரையிலான பட்டியல்களை அப்படித் தரவுத்தளமாக்கி எழுதியது. மொரீசியஸில் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனமும் இத்தகைய பதிவேடுகளைக் காத்து வருகிறது.

தமிழ்ப் பெயரைக் கூறு கூறாகப் பிரித்துக் கணினிக்குக் கொடுக்கும் வேலை அதற்கும் முன்பே நடந்திருக்கிறது. 1978ல் நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு, டோரு மட்சுயி என்ற ஆய்வாளர்கள் மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களின் தொகுப்பை மூன்று பாகங்களாக மதுரையிலிருந்து வெளியிட்டார்கள். கல்வெட்டில் ஒரு பெயர் வருகிறதென்றால் அதில் எது ஊர், எது தகப்பன் பெயர், எது பட்டம், எது இயற்பெயர் என்று பிரித்தாக வேண்டும். பழுவேட்டரையர் குடும்பத்தில் மறவன் கண்டன் என்றொருவர் வருகிறார், கண்டன் மறவன் என்றொருவர் வருகிறார். முன்னால் நிற்பது தகப்பன் பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துக்கொண்டே போனால் இரண்டு பெயர்களும் இடம் மாறி மாறி வரும். ‘கே. முனுசாமி’யின் மகன் ‘எம். குப்புசாமி’, அவர் மகன் மறுபடி ‘கே. முனுசாமி’ என்று போகும் வடஆற்காட்டு வழக்கமும் இதே கணக்குதான், தகப்பன் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கியது தவிர. காவேரிப்பாக்கமே அந்தக் கல்வெட்டுகளில் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்ற இன்னொரு பெயரோடு வருகிற ஊர். நந்திவர்மனின் பட்டப்பெயரால் வந்தது அது.

1984ல் அமெரிக்காவின் யூட்டாவில் மார்மன் திருச்சபை ஜெட்காம் என்ற கோப்பு வடிவத்தை வெளியிட்டபோது இந்த அனுபவம் எதுவும் அவர்கள் மேஜையில் இல்லை. திருச்சபைக்குக் கொடிவழியில் மதக் காரணம் உண்டு. இறந்துபோன முன்னோருக்கும் பதிலாள் வைத்து ஞானஸ்நானம் கொடுக்கும் நம்பிக்கை அவர்களுடையது. அதற்காக உலகெங்கும் பதிவேடுகளைப் படமெடுத்துச் சேர்த்தார்கள். ஹரித்வாரில் பண்டாக்கள் என்ற புரோகிதர்கள் வைத்திருக்கும் யாத்திரிகர் ஏடுகளும் அதில் அடக்கம். ஜெட்காமின் அமைப்பு எளிது. 0 என்று தொடங்கும் வரி ஓர் ஆளையோ குடும்பத்தையோ அறிமுகம் செய்யும். 1 என்று தொடங்கும் வரி அவர் பெயரை, பிறப்பை, இறப்பைச் சொல்லும். 2 என்று தொடங்கும் வரி அந்தப் பிறப்பின் நாளையும் இடத்தையும் சொல்லும். குடும்பத்துக்குள் கணவன், மனைவி, பிள்ளைகள். சாதாரண எழுத்துக் கோப்பு, எந்தக் கணினியிலும் திறக்கும். சந்தையில் இருந்த மென்பொருள்கள் எல்லாம் வேறு வழியில்லாமல் அதை ஏற்றன. நாற்பது வருடம் தாண்டியும் அதற்கு மாற்று வரவில்லை.

சிக்கல் பெயர் வரியிலேயே தொடங்குகிறது. குடும்பப் பெயரை இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவில் போட வேண்டும். வில்லியம் என்ற பெயருக்குப் பின் கோடு, லீ, கோடு. காவேரிப்பாக்கத்து எம். குப்புசாமியை எப்படிப் போடுவது? ‘எம்’மைக் கோட்டுக்குள் வைத்தால், பெயர்ப் பட்டியலில் அப்பா ஒரு குடும்பம், மகன் இன்னொரு குடும்பம். குப்புசாமியைக் கோட்டுக்குள் வைத்தால் அவரோடு பிறந்தவர்கள் வேறு வேறு குடும்பமாகிவிடுவார்கள். கோடே போடாமல் விட்டால் கோப்பு சரிதான், ஆனால் குடும்பப் பெயர் இல்லை என்று குறைசொல்லும் மென்பொருள்கள் உண்டு. பெண்கள் கதை இன்னும் மோசம்: கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் கணவரின் எழுத்து. ஆம்பூர், வாணியம்பாடி முஸ்லிம் குடும்பங்களில் முன்னெழுத்துகளில் ஒன்று ஊரையோ வீட்டுப் பெயரையோ குறிப்பதும் உண்டு.

இது தமிழனுக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. ஐஸ்லாந்திலும் தகப்பன் பெயர்தான் பின்னால் வரும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அவர்கள் காத்திருக்கவில்லை. ஃபிரித்ரிக் ஸ்கூலாசன் என்ற மென்பொருளாளர் மரபணு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து, நாட்டு மக்கள் அனைவரையும் இணைக்கும் தரவுத்தளத்தை உருவாக்கினார். 2003ல் அது இணையத்தில் திறக்கப்பட்டது.

எழுத்துருவிலும் இதே கதை. ஜெட்காம் முதலில் நம்பியிருந்த ஆன்செல் என்ற எழுத்துக்குறி முறை அமெரிக்க நூலகங்களுக்காக லத்தீன் எழுத்தை வைத்துச் செய்யப்பட்டது. அதில் தமிழ் எழுத முடியாது. 1999 அக்டோபரில் வந்த 5.5.1 வரைவு, தமிழையும் ஏற்கும் யூ.டி.எஃப்-8 முறையைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி டாம், டாப் என்று இரண்டு குறியேற்றங்களைப் பரிந்துரைத்திருந்தது. ஒரே ஆண்டில் இரண்டு தரப்பும் எழுத்துச் சிக்கலோடு மல்லுக்கட்டியிருக்கின்றன, ஒருவரையொருவர் பார்க்காமல். அந்த வரைவில் பெயரை வேறு எழுத்தில் தர வழி இருந்தது. கொரிய ஹங்குல், ஜப்பானிய கானா, சீனத்துக்குப் பின்யின் என்று எடுத்துக்காட்டுகளும் தந்தார்கள். இந்திய எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை. வரைவு என்ற பெயரோடே இருபது வருடம் உலகம் முழுக்கப் புழங்கி, 2019ல்தான் அது முறையான பதிப்பானது.

நாட்காட்டியைப் பாருங்கள். கிரிகோரியன், ஜூலியன், எபிரேயம், இவற்றோடு ஏறக்குறைய பன்னிரண்டு வருடமே புழங்கிய பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டி. இந்த நான்குக்கும் இடம் உண்டு. ஹிஜ்ரிக்கு இல்லை. பேரணாம்பட்டிலோ மேல்விஷாரத்திலோ ஒரு குடும்பத்தின் பழைய நிக்காஹ் பத்திரத்தை எடுத்தால் முதலில் கண்ணில் படுவது ஹிஜ்ரி தேதிதான். தமிழ் வருடப் பெயர்களுக்கும் இடமில்லை. ஜாதகக் கட்டின் மேல் ‘விகாரி வருஷம் ஆவணி மாசம்’ என்று மட்டும் இருந்தால் அது 1899 ஆகவும் இருக்கலாம், 1959 ஆகவும் இருக்கலாம். எது என்று வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும். அந்தச் சந்தேகத்தையும் சேர்த்து எழுதிவைக்க ஒரு கட்டம் வேண்டாமா? திருச்சபையின் ஆலயச் சடங்குகளுக்கு மட்டும் தனித்தனிக் குறிகள் கொடுத்தார்கள். சாதிக்கும் ஒரு குறி உண்டு, கப்பல் பட்டியலில் இருந்த மாதிரியே. படிவம் செய்கிறவர்களுக்கு இந்தியா என்றதும் முதலில் தோன்றுவது அதுதான் போலிருக்கிறது.

முறைப்பெண் கல்யாணத்தை ஜெட்காம் தாங்குமா என்று கேட்பவர்கள் உண்டு. தாங்கும். அக்கா மகளைக் கட்டிய தாய்மாமனைக் கோப்பில் எழுதுவதில் எந்தத் தடையும் இல்லை. அவர் ஒரு குடும்பத்தில் பிள்ளை, இன்னொன்றில் கணவர். தடுமாறுவது படம் வரையும் மென்பொருள்தான். மேலே போகப் போகக் கிளை விரியும் என்று நம்பி வரையத் தொடங்கி, இரண்டு கிளைகளும் ஒரே பாட்டியிடம் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பாட்டியை இரண்டு முறை வரைந்துவிடும். அடுத்து உறவைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதி. மாமன் மகளும் பெரியப்பா மகளும் அதற்கு ஒன்றே, இருவருமே கசின். ஒருத்தியைக் கட்டலாம், இன்னொருத்தி தங்கை என்ற விவரம் அதற்குத் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ளத் தேவையான எல்லாம் கோப்பிலேயே இருக்கிறது: நடுவில் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதும் இருக்கிறது, பிள்ளைகளைப் பிறந்த வரிசையில் எழுத வேண்டும் என்ற வழிகாட்டுதலால் மூத்தவர் இளையவரும் தெரிகிறது. எசக்கியேல் ஸ்கடர் நிரப்பிய படிவத்தை ஒரு நிரலாளர் புரட்டிப் பார்த்திருந்தால் பெரியப்பாவையும் மாமாவையும் பிரிக்கும் நிரலை ஒரு வாரத்தில் எழுதியிருப்பார்.

ஊரில் இந்தக் கணக்கெல்லாம் பொழுதுபோக்கு இல்லை. கர்ணம் இருந்த காலத்தில் யார் யாருக்கு வாரிசு என்பது அவர் கணக்கிலும் நினைவிலும் இருந்தது. 1980 நவம்பரில் அந்தப் பதவிகளை அரசு ஒழித்தது, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். வாரிசுச் சான்றிதழுக்கு இன்று தாசில்தார் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையில் நிலமும் கிணறும் கெட்டுப்போனதற்கு, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001ல் 186 கிராமங்களில் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் நிர்ணயித்தது. வழக்கு 2025ல்கூட உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. இவ்வளவு காலத்தில் பாகம் பிரியாத நிலம் எது? பட்டாவில் உள்ள பெயருக்கும் கையில் உள்ள ஆதாருக்கும் நடுவில் ஒரு முன்னெழுத்து மாறியிருந்தாலும் குடும்பம் அலைய வேண்டியதுதான்.

ஜெட்காமின் குறைகளைச் சொல்லி 2010ல் சில ஆர்வலர்கள் ஒன்றுகூடினார்கள். 2012ல் அது குடும்ப வரலாற்றுத் தகவல் தரங்களுக்கான ஒரு பன்னாட்டு அமைப்பாக உருவெடுத்தது, ஃபைசோ என்று பெயர். திருச்சபையின் கையிலிருந்து தரத்தைப் பொதுவுக்குக் கொண்டுவருவது அவர்கள் எண்ணம். சில வரைவுகள் வந்தன. மென்பொருள் நிறுவனங்கள் அசையவில்லை. 2021ல் ஜெட்காம் 7.0 வந்தது திருச்சபையின் ஃபேமிலிசர்ச் நிறுவனத்திலிருந்துதான். அது பழைய எழுத்துக்குறிகளை எல்லாம் தூக்கிவிட்டு யூ.டி.எஃப்-8 ஒன்றே போதும் என்றது. ஒரு பெயருக்குக் கீழே இன்ன மொழியில் இன்ன வடிவம் என்று எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். நேட்டால் பட்டியலின் மூன்சாமியையும் வீட்டில் கூப்பிடும் முனுசாமியையும் ஒரே பெயரின் கீழ் மொழியோடு குறித்து வைக்க முறையான வழி அப்போதுதான் பிறந்தது. இல்லாத குறியை, இல்லாத நாட்காட்டியை நாமே வரையறுத்துச் சேர்க்கவும் அனுமதி உண்டு. ஹிஜ்ரிக்குக் கதவு திறந்திருக்கிறது, உள்ளே வந்து விதி எழுத ஆள் வேண்டும்.

அதற்கு முன்மாதிரி ஜெர்மானியர்கள். ஜெர்மன் மொழியில் இத்தகைய மென்பொருள் எழுதுகிறவர்கள் 2009 முதல் ஒரு குழுவாகச் சேர்ந்து, 5.5.1ன் எந்த வரியை எப்படிப் புரிந்துகொள்வது, எந்தப் புதுக் குறியைப் பொதுவில் வைத்துக்கொள்வது என்று வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள். போர்களில் எல்லை மாறிய ஊர்களுக்காக அங்கே வரலாற்று ஊர்ப்பட்டியல் ஒன்றும் இருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு குறியீடு. அதன் கீழ் எந்தக் காலத்தில் எந்த மாவட்டம், எந்த நாடு என்ற விவரம்.

வடஆற்காட்டுக்கு அது உடனே தேவை. நேட்டாலிலிருந்து ஊர் தேடி வருகிறவர் கையில் இருப்பது ஜில்லா, தாலுகா, கிராமம் என்று மூன்று சொல். பழைய இம்பீரியல் கெசட்டியரில் காவேரிப்பாக்கம் வாலாஜாப்பேட்டைத் தாலுகாவில் ‘காவேரிபாக்’ என்ற பெயரில் இருக்கிறது. 1989ல் வடஆற்காடு இரண்டாகப் பிரிந்து, இந்தப் பக்கம் வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது, தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வேலூர், 2019ல் ராணிப்பேட்டை. ஜெட்காமில் இடம் என்பது காற்புள்ளி போட்டு எழுதும் ஒரு வரி. மாவட்டம் மாறியதும் அதே ஊர் நான்கு ஊராகத் தெரியும். காவேரிப்பாக்கத்துக்கு ஒரு குறியீடு கொடுத்து இந்த நான்கையும் அதன் கீழ் வரிசையிட ஒரு மாலை நேரம் போதும். மற்ற ஊர்களுக்குத்தான் ஆள் வேண்டும். 1911 வரை வடஆற்காட்டின் தலைநகரமே சித்தூர். கப்பல் பட்டியலில் வடஆற்காடு என்று எழுதப்பட்ட கிராமங்களில் ஒரு பகுதி இன்று ஆந்திரத்தில் இருக்கிறது, பெயர்ப்பலகை தெலுங்கில்.